டெஸ்ட் பென்னா, பிளக் டெஸ்டரா, மல்டிமீட்டரா, வயர்மேனா? சின்னம்மா வீட்டில் நான்கையும் வைத்துப் பார்த்தது

சின்னம்மா வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். தோட்டத்துத் தொழிலாளர் லாயத்தை விட்டு வெளியேறியபோது வாங்கிய சின்ன வரிசை வீடு. முன்பக்கம் இருப்பது வீடு கட்டியவர்கள் போட்ட வயரிங். பின்னால் தகரக் கூரை போட்டு இழுத்துக் கட்டிய சமையற்கட்டுக்கு மட்டும் யாரோ ஒருவர் வந்து, பழைய பிளக் பாயிண்டிலிருந்து வயரை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யார் என்று சின்னம்மாவுக்கே இப்போது நினைவில்லை.

இரண்டு தொல்லை ஒன்றாக வந்தன. சமையற்கட்டில் கெட்டில் சுடவில்லை. பின்வாசலில் இருக்கும் வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் இழுக்கவில்லை என்று சின்னம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, பல மாதமாக அப்படியே துவைத்துக்கொண்டிருந்தார். நான் செம்பனை ஆலையில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனுக்குக் கீழே சில வருடம் வேலை பார்த்தவன். உரிமம் எதுவும் என்னிடம் கிடையாது. ஆனாலும் குடும்பத்தில் கரண்ட் சமாச்சாரம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை தம்பி கேட்டது: "அண்ணே, வீட்டுல எதை வாங்கி வச்சா இதையெல்லாம் நாமே பார்த்துக்கலாம்?"

அவன் கையில் ஏற்கெனவே டெஸ்ட் பென் இருந்தது. ஐந்தாறு வெள்ளிக்கு (ரிங்கிட்) எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும் அந்த நியான் ஸ்குரூடிரைவர்தான். கெட்டில் சுடாத அன்றே அவன் அதை வைத்துப் பார்த்திருக்கிறான். "ரெண்டு ஓட்டையிலயும் எரியுது, கரண்ட் நல்லாத்தான் இருக்கு, கெட்டில்தான் போச்சு" என்று சொல்லிப் புதுக் கெட்டில் வாங்கி வந்துவிட்டான். புதுக் கெட்டிலும் சுடவில்லை.

இரண்டு ஓட்டையிலும் எரிந்தது என்றால் அது நல்ல சகுனம் இல்லை. லைவ் பக்கம் மட்டும்தான் எரிய வேண்டும். நான் போனபோது அந்த இரட்டைப் பாயிண்டின் பக்கத்து ஓட்டையில் ரைஸ் குக்கரின் பிளக் செருகி, சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அதைப் பிடுங்கினேன். நியூட்ரல் பக்கத்தில் பென் அணைந்துவிட்டது. திரும்பச் செருகினேன், எரிந்தது. நியூட்ரல் வயர் வழியில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். லைவ் வந்து, குக்கரின் சூடேற்றும் கம்பி வழியாகப் புகுந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் ஓட்டையில் நிற்கிறது. குக்கரும் அன்றிலிருந்து வேலை செய்யவில்லைதான். சின்னம்மா அடுப்பில் உலை வைத்துக்கொண்டதால் யாரும் கவனிக்கவில்லை.

டெஸ்ட் பென் சொல்வது ஒரே ஒரு செய்தி: இந்த இடத்துக்கும் உன் உடம்புக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கிறது. அதற்குள் பெரிய ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது, அதனால்தான் நம் உடம்பு வழியாக மிக மிகக் கொஞ்சம் கரண்ட் போய் நியான் எரிகிறது. எவ்வளவு வோல்ட், சுமை தாங்குமா, எர்த் இருக்கிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. பிளாஸ்டிக் நாற்காலி மேல் நின்று வைத்தால் லைவில்கூட மங்கலாகத் தெரியலாம். பக்கத்து வயரின் தூண்டலால் செத்த வயரிலும் மினுக்கலாம். அதனால் பென் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி யாரும் வயரைத் தொடக் கூடாது. ஆலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இப்படி: முதலில் உயிருள்ள பாயிண்டில் வைத்துப் பார், அப்புறம் அணைத்த இடத்தில் வை, பிறகு மறுபடி உயிருள்ள இடத்துக்குப் போய்ப் பார். நடுவில் கருவியே கெட்டுப்போயிருந்தால் அந்த மூன்றாவது தடவையில் தெரிந்துவிடும்.

இடையில் ஒன்று. தம்பி பென்னை வைக்க எர்த் ஓட்டைக்குள் சாப்ஸ்டிக்கை விட்டு மற்ற இரண்டு ஓட்டைகளின் உள்மூடியைத் திறந்தான். நம் ஊரில் இது சர்வசாதாரணம். போன் சார்ஜரின் இரண்டு முள் பிளக்கை மூன்று முள் பாயிண்டில் திணிக்க எல்லோரும் செய்வதுதான். அந்த உருண்டை முள் மெலிசு. உள்ளே இருக்கும் தகடுகள் தட்டை முள்ளைப் பிடிக்கச் செய்தவை, உருண்டை முள்ளை இறுக்கமாகப் பிடிக்காது. திரும்பத் திரும்பத் திணித்தால் தகடு விரிந்துபோகும். அப்புறம் நல்ல பிளக் போட்டாலும் லூஸ், லூஸ் என்றால் சூடு. ஓரம் பழுப்பேறிய பாயிண்ட் வீட்டில் இருந்தால் எந்தக் கருவியும் வேண்டாம், அதை மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது பிளக் டெஸ்டர். மூன்று முள் பிளக் மாதிரியே இருக்கும், முகத்தில் மூன்று விளக்கு. செருகி சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் விதத்தை அதன் மேலேயே அச்சடித்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டியதுதான். சில பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். வீட்டில் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் இதில் கை எங்கும் படாது. லைவும் நியூட்ரலும் மாறியிருந்தால் காட்டும், நியூட்ரல் விட்டுப்போயிருந்தால் காட்டும், எர்த் சுத்தமாக இல்லையென்றாலும் காட்டும். சமையற்கட்டுப் பாயிண்டில் செருகியதும் நியூட்ரல் இல்லை என்று ஒரே நொடியில் சொல்லிவிட்டது. தம்பி முதல் நாளே இதை வைத்திருந்தால் ஒரு கெட்டிலின் காசு மிச்சமாகியிருக்கும்.

ஆனால் வாஷிங் மெஷின் பாயிண்டில் செருகினால் எல்லாம் சரி என்றது. மெஷின் ஓடும்போதே பக்கத்துப் பாயிண்டில் செருகினேன், அப்போதும் சரி. சின்னம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப எனக்கு ஷாக் அடிச்சது பொய்யாப்பா?"

பொய்யில்லை. டெஸ்டரின் விளக்கு எரிய ஒரு மில்லி ஆம்பியர் அளவு போதும். எர்த் வழியில் 2000 ஓம் தடை இருந்தாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கு அங்கே விழுவது வெறும் 2 வோல்ட். 230ல் 2 குறைந்தால் விளக்குக்கு என்ன தெரியப்போகிறது? எர்த் என்று ஒன்று இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. அந்த எர்த் ஆபத்து வேளையில் உதவுமா என்று பார்ப்பதில்லை. நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தாலும் அதற்குத் தெரியாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் இருப்பதால் விளக்குகள் சரியென்றே காட்டும். சில டெஸ்டர்களில், எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் இ.எல்.சி.பி.யைச் சோதிக்க ஒரு பொத்தான் இருக்கும். அது வேண்டுமென்றே சுமார் 30 மில்லி ஆம்பியரை எர்த்துக்கு விடுகிறது. எர்த் கெட்ட வீட்டில் அதை அழுத்தினால் பிரிட்ஜ், மெஷின் என்று எர்த்தோடு சேர்ந்த எல்லா உலோகத்திலும் அந்த நேரத்துக்குச் சில பத்து வோல்ட் ஏறலாம். யாரும் எதையும் தொடாத நேரம் பார்த்துத்தான் அழுத்த வேண்டும்.

இங்கே எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் ஆக வேண்டும். நம் வீடுகளுக்கு மின்சார நிறுவனமான டி.என்.பி. லைவும் நியூட்ரலும் கொடுக்கிறது. எர்த் பெரும்பாலும் நம் வீட்டுப் பொறுப்பு. வெளிச்சுவர் ஓரம் மண்ணில் அடித்த செம்பு பூசிய இரும்புக் கம்பி ஒன்று, அதன் தலையில் ஒரு கிளாம்ப், அதிலிருந்து பச்சை வயர் மெயின் பெட்டிக்கு. அவ்வளவுதான் நம் எர்த். அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் 10 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயர்மேன்கள் நல்லது என்று சொல்லும் அளவு அது. ஒரு மெஷினின் லைவ் வயர் நேராக அதன் உடம்பில் பட்டால், 230ஐ 10ஆல் வகுக்க, 23 ஆம்பியர் ஓடும். கரண்ட் அளவு மீறினால் தானே அணைய, பாயிண்டுகளுக்குப் போட்டிருக்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையவே அசையாது. நல்ல எர்த் உள்ள வீட்டிலேயே கதை இதுதான். அதனால் நம்மைக் காப்பது எம்.சி.பி. அல்ல, இ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும் அந்தக் கசிவுக் கருவிதான். கம்பியும் துருவேறி அறுந்துபோனால், கசிவு மண்ணுக்குப் போக வழியின்றி மெஷினின் உடம்பிலேயே நிற்கும், யாராவது ஈரக் காலோடு வந்து தொடும் வரைக்கும்.

இ.எல்.சி.பி.யிலும் அளவு உண்டு. 1994 மின்சார விதிகள்படி கையில் பிடித்துப் புழங்கும் சாதனங்கள் இருக்கும் இடத்துக்கு 30 மில்லி ஆம்பியர், தரை ஈரமாகும் இடத்துக்கு 10, மற்றவற்றுக்கு 100. பழைய வீடுகள் பலவற்றில் மெயினில் 100 ஒன்று மட்டுமே நிற்கும். சின்னம்மா வீட்டிலும் அதுதான். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து அந்தக் கருவியின் முகத்தில் 0.1 ஆம்பியர் என்று இருக்கிறதா, 0.03 என்று இருக்கிறதா பாருங்கள். பார்க்கக் காசு இல்லை.

மல்டிமீட்டர் உள்ளே வந்தது இங்கேதான். நான் என்னுடையதை எடுத்துப் போயிருந்தேன். ஹாலில் அளந்தபோது லைவுக்கும் நியூட்ரலுக்கும் 236 வோல்ட். நம் நாட்டில் 216 முதல் 253 வரை வரலாம், அதனால் சரி. மெஷின் நிற்கும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றரை வோல்ட், அதுவும் சரி. மெஷினை ஓடவிட்டு அதையே அளந்தேன். 40 வோல்ட். ஹால் பாயிண்டிலும் 40, சமையற்கட்டு எர்த்திலும் 40. கசிவது மெஷின், ஆனால் எர்த் வயர் வீடு முழுக்க ஒன்றுதானே. மெஷின் ஓடும் நேரமெல்லாம் பிரிட்ஜின் கதவும் அதே 40 வோல்ட்டில் நின்றிருக்கிறது. பேத்தி வெறுங்காலோடு வந்து ஐஸ்கிரீம் எடுக்கும் பிரிட்ஜ்.

மெஷினில் சுமார் 20 மில்லி ஆம்பியர் கசிவு என்று வைத்துக் கணக்குப் போட்டால், எர்த்தில் சுமார் 2000 ஓம். 100 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இதற்கு விழாது, அதாவது கரண்டை வெட்டாது. பிளக் டெஸ்டர் பார்க்காததை மீட்டர் பார்த்தது, ஏனென்றால் சுமை ஓடும்போது ஒரு எண்ணைக் கேட்டோம்.

அதே முறையில் லூஸ் இணைப்பையும் பிடிக்கலாம். ஒரு பாயிண்டில் 2000 வாட் கெட்டிலைப் போட்டு, போடுவதற்கு முன்னும் பின்னும் பக்கத்து ஓட்டையில் வோல்டேஜைப் பாருங்கள். கெட்டில் இழுப்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர். ஓரிரு வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. மற்ற பாயிண்டுகளில் அப்படி இருக்க, ஒன்றில் மட்டும் 9 வோல்ட் விழுந்தால் அந்த வழியில் எங்கோ ஓர் ஓம் தடை ஒளிந்திருக்கிறது. அந்த ஒரு இடத்தில் 75 வாட் சூடு. பழைய குண்டு பல்பு ஒன்றைச் சுவருக்குள் வைத்து எரிப்பது போல.

இவ்வளவு சொல்லும் மீட்டரை எல்லோரும் வாங்கலாமா? தம்பிக்கு நான் வேண்டாம் என்றேன். நான்கில் கைக்கு ஆபத்தானது இதுதான். சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு மறந்து, அப்படியே பாயிண்டில் வைத்தால் நேரடி ஷார்ட். மலிவான மீட்டரில் அந்தத் துளைக்கு ஃபியூஸே இருக்காது. வாங்குவதாக இருந்தால் பெட்டியில் கேட் மூன்று (CAT III என்ற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், முனையில் உலோகம் கொஞ்சமாகவே வெளியே தெரியும் கம்பியாகப் பாருங்கள். வெட்டுப்பட்ட வயரில் வைத்தால் பேய் வோல்டேஜ் என்று 60, 80 காட்டிப் பயமுறுத்தும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது சின்னத் திரையோடு வரும் பிளக் டெஸ்டர்கள் உண்டு. அவற்றில் சில லைவ்-நியூட்ரல் மட்டுமல்லாமல் நியூட்ரல்-எர்த் வோல்டேஜையும் காட்டும். கொஞ்சம் கூடக் கொடுத்து அதை வாங்கிவிட்டால், மீட்டரில் நான் பார்த்த அந்த 40ஐ யாரும் கை படாமல் பார்த்துவிடலாம். தம்பி கடைசியில் வாங்கியது அதைத்தான்.

மேகர் வாங்கலாமா என்றும் கேட்டான். வேண்டாம். 500 வோல்ட் டி.சி. விட்டு வயரின் தோல் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. எலி கடித்த வயரையும் ஈரம் இறங்கிய வயர்க் குழாயையும் அதுதான் காட்டிக்கொடுக்கும், உண்மை. ஆனால் மெயினை அணைத்து, எல்லாச் சாதனத்தையும் பிடுங்கி, பெட்டியில் வயரைக் கழற்றித்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு பிளக்கை மறந்துவிட்டால் டிவியின் உள்ளே இருப்பது போய்விடும்.

அப்போ அடிக்கடி இ.எல்.சி.பி. விழுந்தால்? அதற்கு எந்தக் கருவியும் இல்லாமல் பாதி தூரம் போகலாம். எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். பிறகு எம்.சி.பி. அனைத்தையும் கீழே தள்ளி, இ.எல்.சி.பி.யை மேலே தூக்கி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். விழும் இடம் தெரிந்துவிடும். அப்புறம் பிளக்குகளை ஒவ்வொன்றாக. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நம் பெட்டிகளில் எம்.சி.பி. பெரும்பாலும் லைவை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே சேர்ந்திருக்கும். எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருந்தால், எம்.சி.பி. அணைந்திருக்கும்போதும் அந்த வழியில் கரண்ட் கசிந்து இ.எல்.சி.பி. விழும். மற்ற அறையில் அயர்ன் பாக்ஸ் போட்டவுடன் விழுகிறது, அயர்ன் பாக்ஸோ நன்றாக இருக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இடி மழைக்கு மட்டும் விழுந்தால் வாட்டர் ஹீட்டர், வாசல் விளக்கு, கேட் மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள். பாயிண்டுக்குள் செத்துக் கிடந்த பல்லியையும் எறும்புப் புற்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது வழி வயர்மேன். இவரை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பு, ஏனென்றால் பாயிண்டைத் திறந்து வயரை மாற்றுவது நம் வேலையே இல்லை. பெண்டாவாய் (மலாயில் வயர்மேன்) என்று எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்தவர்தான் செய்ய வேண்டும். நாம் வாங்கும் கருவியெல்லாம் அவரிடம் சரியாகப் புகார் சொல்லத்தான். வயர் நிறமே ஒரு காரணம். பிளக் வயரில் நீலம் என்றால் நியூட்ரல். மூன்று ஃபேஸ் உள்ள பழைய வயரிங்கில் அதே நீலம் லைவ், கறுப்புதான் நியூட்ரல். யூடியூப் பார்த்துத் திறப்பவர்கள் மாட்டுவது இங்கே.

ஆனால் வயர்மேனும் இரண்டு வகை. முதலில் வந்தவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்ட் பென்னை எடுத்து, நாலு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீடு முழுக்க ரீவயரிங் பண்ணணும்மா" என்றார். எர்த் கம்பி எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. நாங்கள் நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். இரண்டாவது வந்தவர் பையில் மேகர், எர்த் டெஸ்டர், இ.எல்.சி.பி. டெஸ்டர் மூன்றும் இருந்தன. வந்ததும் வீட்டைச் சுற்றி நடந்தார். சாக்கடை ஓரம் பூந்தொட்டிக்குப் பின்னால் எர்த் கம்பியைக் கண்டுபிடித்து, கிளாம்பை விரலால் தொட்டார். பச்சைத் தூளாக உதிர்ந்தது. அளந்ததில் 1900 ஓமுக்குக் கிட்டத்தட்ட.

போனில் கூப்பிடும்போதே கேளுங்கள்: எர்த் ஓம் அளந்து சொல்வீர்களா, இ.எல்.சி.பி. எத்தனை மில்லி செகண்டில் விழுகிறது என்று பார்ப்பீர்களா, ரிங் இணைப்பு இரண்டு பக்கமும் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பீர்களா. கடைசிக் கேள்வி ஏன் என்றால், பெட்டியிலிருந்து புறப்பட்டு எல்லாப் பாயிண்டையும் சுற்றிப் பெட்டிக்கே திரும்பும் ரிங் ஒரு பக்கம் அறுந்தாலும் எல்லாப் பாயிண்டும் வேலை செய்யும், பிளக் டெஸ்டர் சரி என்றே சொல்லும். இரண்டு வயர் பங்குபோட்டுச் சுமக்க வேண்டிய சுமையை ஒரே வயர் சுமந்துகொண்டிருக்கும். பெட்டியில் இரு முனையையும் கழற்றி ஓம் அளந்தால்தான் அது தெரியும். புது வயரிங் போட்டாலோ மாற்றினாலோ போராங் ஜி, போராங் எச் என்ற சான்றிதழ்களைத் தருவாரா என்றும் கேளுங்கள். முதலாவது மேற்பார்த்து முடித்ததற்கு, இரண்டாவது சோதனைக்கு. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுபவரை வரவழைக்காமல் இருப்பதே லாபம்.

அவர் புதுக் கம்பி அடித்து, கிளாம்ப் போட்டு அளந்தபோது 9 ஓம். சமையற்கட்டு நியூட்ரல், முன் பாயிண்டுக்குள் ஒரு திருகு லூஸாகிக் கருகி விட்டுப்போயிருந்தது. வயரைக் கொஞ்சம் வெட்டிப் புதுப் பாயிண்டில் முடுக்கினார். பாயிண்டுகளுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஒன்றும் பெட்டியில் ஏறியது. பிறகு சின்னம்மா துணியைப் போட்டு மெஷினை ஓடவிட்டார். தண்ணீர் நிரம்பி மோட்டார் சுற்றத் தொடங்கியதும் பெட்டியில் டக் என்றது: எர்த் நல்லதானதும் கசிவு கொஞ்சம் கூடும், 30 என்று போட்ட கருவி அந்த அளவை எட்டும் முன்பே விழலாம். பாயிண்ட் ஒன்றிலும் கரண்ட் இல்லை.

"இத்தனை நாள் நல்லா ஓடின மெஷின்பா," என்றார் சின்னம்மா. "நீங்க கை வச்ச பிறகுதான் நின்னுபோச்சு."

மெஷின் இப்போது மோட்டார் மாற்றக் கடையில் இருக்கிறது. அதுவரை சின்னம்மா துணியைக் கையால்தான் துவைக்கிறார், அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார்.